பருப்பு வேகும் தண்ணீர்

அக்கா,

நேற்று ஆய்வுக்கூடத்து அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். புது இயந்திரம் ஒன்று வருகிறதாம், இடம் பண்ணுங்கள் என்று துறைத்தலைவர் ஒரு வாரமாக நச்சரிக்கிறார். மேல்தட்டில், காலிக் குப்பிகளுக்குப் பின்னால், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று முக்கால்வாசித் தண்ணீரோடு நின்றிருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்தில் பதினேழு என்ற எண். கூடத்தைச் சுத்தம் செய்யும் அம்மா அதைக் கையில் எடுத்து, "பழசு மேடம், ஊத்திடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் பயந்துவிட்டார் பாவம். அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அது உங்கள் வீட்டுத் தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த பாட்டிலை இப்போது என் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. உங்களிடம் நேரில் வந்து சொல்ல இரண்டு வருடம் இருந்தது, நான் வரவில்லை. உயிரோடு இருந்தவரிடம் சொல்லாததை இல்லாதவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல ஆள்தான் நான்.

முதன்முதலில் உங்கள் ஊருக்கு வந்தது ஒரு கோடையில். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தேன். நிலத்தடி நீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். நாற்பது வீட்டு போர்வெல்களிலிருந்து தண்ணீர் பிடித்தேன். யார் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயருக்குப் பதில் எண் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த எண்ணைக் கதவு நிலையில் பெரிதாக ஒட்டிவிட்டு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இது ரகசியம் என்று நம்பிக்கொண்டு திரும்பிப் போனேன். இதற்கு முனைவர் பட்டம் வேறு.

உங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் "அம்மா" என்று கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்து, எனக்கு இன்னா அவ்ளோ வயசா ஆயிடுச்சு, அக்கான்னு கூப்புடு என்றீர்கள். என் அடையாள அட்டையில் டாக்டர் என்று இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்லிவிட்டாள். உடனே நீட்டிய காலைக் காட்டினீர்கள். முட்டி மடங்கவில்லை, ஒரு ஊசி போடு என்றீர்கள். நான் அந்த டாக்டர் இல்லை அக்கா, தண்ணீரைப் பற்றிப் படித்தவள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"ஊசி போடத் தெரியாதா? அப்புறம் இன்னாத்துக்கும்மா அவ்ளோ படிச்ச?"

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்து உள்ளே போய், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். வெயிலில் அலைந்து வந்தவள், ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். இனிப்பாக இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது உங்களுக்கு. இந்தத் தண்ணீரில் பருப்பு போட்டால் பூ மாதிரி வேகும், பஞ்சாயத்து டேங்க் தண்ணீரில் நாள் பூராவும் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும், சோப்பு போட்டால் இங்கே வருகிற நுரை எங்கேயும் வராது என்று அடுக்கினீர்கள். நீங்கள் சொல்லும்போதே இரண்டு பெண்கள் குடத்தோடு வந்து உங்கள் குழாயில் பிடித்துப் போனார்கள். யாருக்கோ வளைகாப்பாம், சாம்பாருக்கு உங்கள் தண்ணீர்தான் வேண்டுமாம். அவர்கள் போகும் வரைக்கும் நீங்கள் என்னையும் குடங்களையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சோதனை முடிவு வந்தபோது, நாற்பதில் உங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு எல்லாவற்றையும்விட ஜாஸ்தி. பாறையிலிருந்து கரைந்து வரும் ஒரு வகை உப்பு அது. நிறமில்லை, வாசமில்லை, நாக்குக்கும் தெரியாது. வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்கு முளைக்கும் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவர்களுக்கு மூட்டு இறுகும். உங்கள் பேத்திக்கு அப்போது இரண்டு வயது. உங்கள் மகள் கோமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டோடேதான் இருந்தாள். முடிவுத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குழந்தைதான். அன்றைக்கே கிளம்பி வந்து உங்களிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஒழுங்குப்படி முதலில் அறிக்கை, பிறகு மேலிடத்து ஒப்புதல், பிறகு பொதுமக்கள் கூட்டம். நானும் ஒழுங்காகக் காத்திருந்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் மாடியில் இரண்டு நாள். ஆராய்ச்சியை மக்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒருவர் சென்னையிலிருந்து வந்து கற்றுக்கொடுத்தார். எளிய சொல், பெரிய படம், சிரித்த முகம். நானும் குறிப்பெடுத்தேன். யாராவது கேள்வி கேட்டால் நின்று கேளுங்கள் என்று அவர் சொன்னாரா, சொல்லி நான் எழுதாமல் விட்டேனா, தெரியவில்லை.

கூட்டத்துக்கு நாள் குறித்தவர்கள் அது பௌர்ணமி என்று பார்க்கவில்லை. அவர்கள் வெளியூர்க்காரர்கள், நான் திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவள், நானாவது பார்த்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் திரும்பி எங்கள் ஊருக்குள் நுழையாவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிடுவார்கள், பிறகு நடைதான். அந்த அவசரத்தோடுதான் அன்றைக்கு உங்கள் ஊரில் கால் வைத்தேன்.

கூட்டம் தொடங்கும் முன் வழியில் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, அதே சொம்பில் தண்ணீர் நீட்டினீர்கள். என் கை தானாகப் பைக்குள் போய் என் பாட்டிலை எடுத்தது. இப்போதுதான் குடித்தேன் அக்கா என்றேன். ஒரு சொம்பு குடித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அது வருடக்கணக்கில் செய்கிற வேலை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். தெரிந்தும் கை போயிற்று. நீங்கள் நீட்டிய சொம்பை இழுத்து ஓரமாக வைத்தீர்கள். ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் அதற்கு என்னென்ன அர்த்தம் உண்டு என்று எனக்கா தெரியாது? நீங்கள் அதில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.

கூட்டத்தில் திரையில் வரைபடம் போட்டேன். பச்சைப் புள்ளிகள், மஞ்சள் புள்ளிகள், ஒரே ஒரு பெரிய சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பதினேழு. எண்ணைப் பார்த்த அடுத்த நொடி தலைகளெல்லாம் உங்கள் பக்கம் திரும்பின. இந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் டேங்க் குழாயில் பிடித்து வாருங்கள் என்று சொன்னேன். டேங்க் குழாய் தெருக்கோடியில் இருந்தது. முட்டி மடங்காத ஒருவர் அங்கிருந்து குடம் தூக்கி வருவது எப்படி என்று என் படத்தில் இல்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீங்கள் நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்தீர்கள்.

"எங்கூட்டுத் தண்ணியில பருப்பு பூ மாதிரி வேவுது. தெருவே வந்து புடிச்சிக்கினு போவுது. கெட்ட தண்ணியில பருப்பு வேவுமா, மேடம்?"

அக்கா என்று கூப்பிடச் சொன்னவர் என்னை மேடம் என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"பருப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்றேன்.

நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் நன்றி சொல்லிப் பெட்டியைக் கட்டினேன்.

பயந்தபடியே பஸ் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. எதிரே மலை, ரோடு முழுக்க ஜனம். அசையாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. சம்பந்தம் இருக்கிறது, அக்கா. நேர் சம்பந்தம். சுண்ணாம்புச் சத்து கம்மியான தண்ணீரில்தான் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். அதே சுண்ணாம்புச் சத்து இருந்திருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துப் படிய வைத்திருக்கும். அது இல்லாததால் ஃப்ளோரைடு தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் பருப்பு பூவாக வெந்ததற்கும் உங்கள் புள்ளி சிவப்பானதற்கும் காரணம் ஒன்றேதான். முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதை எழுதிப் போடுகிறவள் நான்.

யோசித்துப் பாருங்கள். நாற்பது வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் சரியான இடத்தில் கை வைத்துக் கேட்டீர்கள். அக்கா, பருப்பு அப்படி வேகிறதே, அதனால்தான் இது இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். உங்கள் குழாயில் குடம் பிடித்த ஒவ்வொருத்திக்கும் புரிந்திருக்கும். உங்கள் பெருமையும் போயிருக்காது. நான் பஸ்ஸுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். தெரியாமல் சொன்னது என்றுகூடச் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

மறுநாளே திரும்பி வந்திருக்கலாம். நாற்பது நிமிடப் பயணம். தேர்வுத்தாள் திருத்தும் வேலை என்றேன், அடுத்து கருத்தரங்கம் என்றேன், அப்புறம் இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. அந்த வருட அறிக்கையில் நீங்கள் எழுந்து நின்று கேட்கும் போட்டோ வந்தது. கீழே, ஆர்வத்துடன் கேள்வி எழுப்பும் கிராமப் பெண் என்று போட்டிருந்தார்கள். கேள்வி என்ன, பதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

போன மாசிக்கு மறுபடி தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டிய முறை வந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன், மறைக்காமல் சொல்கிறேன். பிறகு, போய் அக்காவிடம் சொல்லிவிடலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கதவு நிலையில் பதினேழு பாதி உரிந்து இருந்தது. உள்ளே சுவரில் உங்கள் படம், மாலையோடு.

ஐந்து மாதம் ஆயிற்று என்றாள் கோமதி. மல்லாட்டைக் கொடி பிடுங்கப் போன இடத்தில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது, சம்பந்தமில்லை என்ற வார்த்தையை உங்களிடம் ஒரு முறை தப்பாகச் சொன்னவள் ஆயிற்றே. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கோமதி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பின்னாலேயே உங்கள் பேத்தியும் கையில் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. முன்பல் ஒன்று ஆடுகிறது என்று என்னிடம் ஆட்டிக் காட்டினாள்.

கோமதி சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "காய்ச்சி ஆற வச்ச தண்ணிதான் மேடம். பயப்படாம குடிங்க. நீங்க மீட்டிங்குல சொன்னதுலேர்ந்து எங்கம்மா காய்ச்சாம ஒரு நாளும் குடிச்சதில்ல, பாப்பாவுக்கும் குடுத்ததில்ல."

காய்ச்சச் சொன்னது யார்? நான் சொல்லவில்லை. காய்ச்சக் கூடாது என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கெட்டது என்றால் காய்ச்ச வேண்டும் என்பது ஊர் அறிந்தது. நர்ஸம்மா சொல்வது அது, பள்ளிக்கூடத்தில் சொல்வது அது. அதனால் அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவுமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், இந்த உப்பு எங்கேயும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கோமதி பின்கட்டைக் காட்டினாள். கரி பிடித்த பெரிய பாத்திரம் அடுப்புக் கல்மேல் இருந்தது. தினமும் விடிந்ததும் நீங்கள் குந்தவும் முடியாமல், காலை நீட்டிக்கொண்டு அடுப்பு ஊதவும் முடியாமல், ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு காய்ச்சுவீர்களாம். டேங்க் தண்ணீர் தூக்க முடியாது, அதற்குத்தான் இந்த வழி என்று சொல்வீர்களாம். தெருவில் யாரும் குடம் கொண்டு வருவதில்லையாம். போகட்டும், அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, பிள்ளைக்கு ஆகாதுன்னுதானே சொல்லுச்சு என்பீர்களாம். உங்கள் தண்ணீரைக் குடிக்காமல் போனவளின் பேச்சை நீங்கள் இரண்டு வருடம் விறகு எரித்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

சொம்பில் இருந்ததை முழுக்கக் குடித்தேன்.

சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உங்கள் நினைவு அவளுக்கு நல்லபடியாக இருக்கட்டுமே என்று. ஆனால் அந்தப் பிள்ளை டம்ளரை வாயில் வைத்திருந்தது. விழப்போகும் பல்லுக்குக் கீழே புதுப் பற்கள் உருவாகிக்கொண்டிருந்தன. சொன்னேன். இந்த முறை பருப்பிலிருந்து ஆரம்பித்தேன். பருப்பு ஏன் வேகிறது, சோப்பு ஏன் நுரைக்கிறது, அதனால் தண்ணீரில் எது தங்குகிறது, காய்ச்சினால் ஏன் போகாது. கோமதி பத்தாவதோடு நின்றவள். ஒரு இடத்தில்கூட அவளுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேட்டு முடித்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்கம்மா காய்ச்சினதெல்லாம்?"

வீணில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். மறுபடி ஒரு பொய்யா?

"அதுக்கு உதவலம்மா. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். அம்மா சரியாதான் கேட்டாங்க, நான்தான் தப்பா பதில் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. பிள்ளையின் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கி, மிச்சத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"எங்கம்மா உங்கள நம்புனாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் பஞ்சாயத்தில் அலைந்து, டேங்க் குழாயை உங்கள் வீட்டுப் பக்கம் வரைக்கும் இழுக்க மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. அதுவரை கோமதி சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவருகிறாள். பருப்பு மட்டும் வேகவே மாட்டேனென்கிறது என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை மன்னித்ததா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

உங்கள் முட்டி வலிக்கு அந்தத் தண்ணீர்தான் காரணமா என்றும் எனக்குத் தெரியாது, அக்கா. இருக்கலாம். வயசாகவும் இருக்கலாம், வயல் வேலையாகவும் இருக்கலாம். முதல் நாள் காலை நீட்டிக் காட்டினீர்களே, அன்றைக்கு எனக்குத் தெரியாததுபோலவே இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்பதை இப்போதெல்லாம் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மேலிடத்தில் அது பிடிப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. போன வாரம் அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு ஊரில் கூட்டம். முதலில் சிவப்புப் புள்ளி விழுந்த வீட்டுக்குப் போய், அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அவர்களிடம் தனியாகச் சொன்னேன். பிறகுதான் கூட்டம். படம் காட்டி, பருப்பைச் சொல்லி, காய்ச்சினாலும் போகாது என்பதையும் சொல்லி, எல்லாம் முடிந்ததும் புரிந்ததா என்று கேட்கவில்லை. புரிந்ததா என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நாளைக்குக் காலையில் எழுந்து இந்தத் தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடைசி பஸ் போனால் போகட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும், நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"நல்லா காய்ச்சிக் குடிப்போம்" என்றாள்.

கூடமே ஆமாம் என்றது. உங்களிடம் கேட்டிருந்தால் நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள், அக்கா. நான் கேட்கவில்லை.